ஐந்து இடியப்பம் ஏன் போதாது? பாடசாலை நாளின் காலைச் சாப்பாட்டுக் கணக்கு

பாடசாலை மணி 7.30க்கு அடிக்கிறது. கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து திருகோணமலை நகரத்துக்கு வரும் பிள்ளையும், நிலாவெளி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளையும் 6.30க்கும் 6.45க்கும் இடையில் வீட்டை விட்டு இறங்கியாக வேண்டும். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகும் வீடென்றால் அடுப்படிக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம்தான். அந்த அவசரத்துக்கு மேல் குழப்பமும் சேர்ந்துவிட்டது. இடியப்பம் வெறும் மா என்கிறார் ஒருவர். பாண் கூடாது என்கிறார் இன்னொருவர். பெட்டியில் வரும் தானியப் பொரிதான் சத்து என்கிறது விளம்பரம். எது சரி என்று பார்க்க, இரவில் உடம்பில் நடப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டிலிருந்து இடைவேளை வரை

இரவு 8 மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போய், 10.30 மணி இடைவேளையில்தான் வாயில் எதையாவது வைக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். இடையில் பதினாலரை மணி நேரம்.

மூளைக்கு முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ். தூங்கும்போதும் மூளை அதைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. சாப்பாடு வராத நேரத்தில் ஈரல் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் மாச்சத்தை உடைத்து இரத்தத்தில் விடுகிறது. கிளைக்கோஜன் என்பது இந்தச் சேமிப்பின் பெயர். பிள்ளைகளின் ஈரல் சிறியது, சேமிப்பும் சிறியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் மூளை பெரியது, செலவும் கூடுதல். ஆகவே பெரியவர் ஒருவர் காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பதும் எட்டு வயதுப் பிள்ளை தவிர்ப்பதும் ஒன்றல்ல.

வயிற்றை நிரப்பிவிட்டால் போதுமா என்பது அடுத்த கேள்வி. சீனி போட்ட தேத்தண்ணியும் நாலு பிஸ்கட்டும் சாப்பிட்டால் குளுக்கோஸ் வேகமாக ஏறும். அதைக் கட்டுப்படுத்த இன்சுலின் சுரக்கும், ஏறியது இறங்கும். கொஞ்ச நேரத்தில் பசி திரும்பிவிடும். அதே மாச்சத்தோடு புரதமும் நார்ச்சத்தும் கொஞ்சம் கொழுப்பும் சேர்ந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. குளுக்கோஸும் மெதுவாகவே இரத்தத்தில் கலக்கிறது. பாடசாலை நாளுக்கு வேண்டியது இந்த நிதானம்தான்.

கிராம் கணக்கு

வளரும் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 1 கிராம் புரதம் வேண்டும். 30 கிலோ பிள்ளைக்கு 30 கிராம். மூன்று வேளைக்குப் பிரித்தால் காலைக்கு 10 கிராம்.

இப்போது நம் வழக்கமான தட்டைப் பார்ப்போம்.

1. ஐந்து இடியப்பம்: உள்ளே இருப்பது ஏறக்குறைய 50 கிராம் அரிசி மா. புரதம் 3 முதல் 4 கிராம்.
2. தேங்காய்ச் சம்பல் இரண்டு மேசைக்கரண்டி: 1 கிராமுக்கும் குறைவு. தேங்காய் கொழுப்பையும் நாரையும் தருகிறது, புரதத்தை அல்ல.
3. ஒரு அகப்பைச் சொதி: வெறும் தேங்காய்ப்பால் சொதியென்றால் இதுவும் 1 கிராமைத் தாண்டாது.

மொத்தம் 5 கிராம். பாதிக்குப் பாதி குறைகிறது. இடியப்பத்தின் மேல் பழி போட ஒன்றுமில்லை. அது தன் வேலையைச் செய்கிறது. பக்கத்தில் இருக்க வேண்டியது இல்லை என்பதுதான் குறை. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. சொதிக்குள் ஒரு அவித்த முட்டை விழுந்தால் கணக்கு நேராகிவிடும்.

முட்டை சாப்பிடாத வீடுகளும் நிறைய இருக்கின்றன. உலர்ந்த பயறு, கௌபி, மைசூர்ப் பருப்பு எல்லாமே 100 கிராமுக்கு 24 கிராம் அளவில் புரதம் உள்ளவை. 40 கிராம், அதாவது ஒரு சிறங்கைக்குச் சற்றுக் கூட, ஒரு பிள்ளையின் காலைக்குப் போதும். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பயறு வகைகளில் தாராளமாக இருக்கிறது. பயற்றில் குறைவான மெதியோனின் அரிசியில் இருக்கிறது. புட்டும் பயறும் சேர்த்துச் சாப்பிட்ட பழைய வழக்கத்துக்குள் இந்தப் பொருத்தம் இருக்கிறது.

எனவே இடியப்பமா பாணா என்ற வாதத்தை விட்டுவிடலாம். தட்டில் என்ன மா இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், புரதத்துக்கு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பாண் எப்படி நம் காலைக்குள் வந்தது

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வருவதில் பெரும்பகுதி நம் சீனக்குடாவில் இருக்கும் பிறீமா ஆலையில் அரைபட்டு நாடு முழுவதும் போகிறது. ஆழமான துறைமுகம் இருப்பதால் ஆலை இங்கே அமைந்தது. 2022 நெருக்கடியில் கோதுமை மாவின் விலையும் காஸ் தட்டுப்பாடும் ஒரே நேரத்தில் வீடுகளை அழுத்தியபோது, காலைச் சாப்பாடு எவ்வளவு தூரம் வெளியிலிருந்து வரும் பொருளில் தங்கியிருக்கிறது என்பது எல்லோருக்கும் விளங்கியது. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் நெல் விளையும் மாவட்டத்தில் அரிசி மாவைக் கைவிடாமல் இருப்பது வீட்டுச் செலவுக்கும் பாதுகாப்பு.

பாணில் 100 கிராமுக்கு 8 கிராம் அளவு புரதம் இருக்கிறது. அது ஒன்றும் மோசமில்லை. மாஜரினும் ஜாமும் மட்டும் தடவிக் கொடுப்பதுதான் கூடாது. பாணுக்குப் பருப்புக் கறி மிகச் சரியான கூட்டு. நாலு பேருக்கு 200 கிராம் மைசூர்ப் பருப்பு, மூன்று மடங்கு தண்ணீர், மஞ்சள், உள்ளி இரண்டு பல்லு. 15 நிமிடத்தில் அவிந்துவிடும். தக்காளியையோ புளியையோ பருப்பு அவிய முன் போட்டால் பருப்பு இறுகி நின்று நேரத்தைத் தின்னும், புளிப்பு எப்போதும் கடைசியில்தான். ஆளுக்கு 12 கிராம் புரதம் இதிலேயே வந்துவிடும்.

இரவில் எதைச் செய்து வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

காலை வேலையில் முக்கால்வாசியை இரவில் 15 நிமிடத்தில் முடிக்க முடியும். ஆனால் நம் ஊர் வெக்கை எல்லாவற்றையும் அனுமதிக்காது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரவிலும் அடுப்படி சூடாகவே கிடக்கும். அந்தச் சூட்டில் கிருமிகள் விரைவாகப் பெருகும்.

1. ஊறப்போடலாம்: கௌபிக்கும் கடலைக்கும் 8 மணி நேரம், பயற்றுக்கு 4 முதல் 6 மணி நேரம். வெக்கைக் காலத்தில் ஊறும் தண்ணீரில் நுரை கட்டிப் புளித்த வாடை வரும். பிரிஜ் இருந்தால் உள்ளே வைத்து ஊறவிடுங்கள். இல்லையென்றால் படுக்கப் போகும்போது ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போதும்.
2. வெங்காயம், பச்சை மிளகாய், கருவேப்பிலை: வெட்டி மூடிய டப்பாவில் வைக்கலாம்.
3. தேங்காய்ப்பூ: பிரிஜின் உறைபெட்டியில் வைத்தால் மூன்று நாலு நாளைக்குப் பிழையில்லை. வெளியில் வைத்தால் விடியும்போது புளித்திருக்கும். பிரிஜ் இல்லாத வீட்டில் தேங்காயை உடைக்காமல் வைத்து, காலையில் திருவுவதைத் தவிர வேறு வழியில்லை.
4. தேங்காய்ப்பால் விட்ட சொதியும் கறியும்: வெளியில் இரவு முழுக்க வைக்கவே கூடாது. சூடாக்கிவிட்டால் சரி என்று நினைப்பது தவறு. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது.
5. சோறு: வெளியில் கிடந்த சோற்றுக்கும் இதே ஆபத்து உண்டு. சமைத்த சூட்டிலும் தப்பிப் பிழைக்கும் பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இளஞ்சூட்டில் முளைத்துப் பெருகும். பழஞ்சோறு கொடுப்பதென்றால், இரவு சமைத்த சோற்றை ஆறியவுடன் தண்ணீர் விட்டு மூடியதாக இருக்கட்டும். மத்தியானச் சோறு பிள்ளைக்கு வேண்டாம்.
6. இடியப்பம்: இரவு அவித்து, ஆறவிட்டு, மூடி பிரிஜில் வைத்தால் காலையில் ஆவியில் 3 முதல் 4 நிமிடம் வைத்து எடுக்கலாம். ஆறிய அரிசி மாவில் உள்ள மாச்சத்து இறுகிவிடுவதால்தான் இடியப்பம் விறைக்கிறது. ஆவிச்சூடு அதை மறுபடியும் இளக்கும். சட்டியில் போட்டு வாட்டினால் இன்னும் காய்ந்துபோகும்.

பயறு போட்ட குரக்கன் புட்டு

காலைக்குச் சொல்லக்கூடிய எல்லாவற்றிலும் இதற்கே முதலிடம். தனியாகக் கறி தேவையில்லை, காஸ் குறைவு, கட்டிக்கொண்டும் போகலாம்.

நாலு பேருக்கு: வறுத்த சிவப்பரிசி மா 2 கப், குரக்கன் மா 1 கப், உலர்ந்த பயறு முக்கால் கப், தேங்காய்ப்பூ 1 கப், உப்பு 1 தேக்கரண்டி. தண்ணீர் ஒன்றேகால் கப் அளவில் இழுக்கும். மா எவ்வளவு வறுபட்டது என்பதைப் பொறுத்து இது கூடலாம், குறையலாம்.

1. ஊறிய பயற்றை இரவிலேயே அவியுங்கள். தோல் வெடித்துக் குழையக் கூடாது. நகத்தால் அழுத்தினால் நசிய வேண்டும், அந்தப் பதம் போதும். தண்ணீரை நன்றாக வடித்துவிடுங்கள். ஈரப் பயறு புட்டைக் களியாக்கும்.
2. இரண்டு மாவையும் உப்பையும் கலந்து, கொதித்து இரண்டு நிமிடம் ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். அகப்பைக் காம்பால் கிளறிய பின் விரல் நுனிகளால் உதிருங்கள். பிசையக் கூடாது.
3. பதம் பார்க்க ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். பிடித்தபடி நிற்க வேண்டும், பெருவிரலால் தட்டினால் உதிர வேண்டும். நிற்காமல் சிந்தினால் தண்ணீர் போதாது, அவிந்த பிறகு தொண்டையில் அடைக்கும். தட்டியும் உதிராவிட்டால் தண்ணீர் கூடிவிட்டது. அப்போது இரண்டு கரண்டி வறுத்த மா தூவி, பேணியின் விளிம்பால் கொத்திவிடுங்கள். கட்டிகளும் அதிலேயே உடையும்.
4. இந்த அளவில் டப்பாவில் மூடி பிரிஜில் வைக்கலாம். தேங்காய்ப்பூவைக் காலையில்தான் சேர்க்க வேண்டும். பிரிஜ் இல்லாவிட்டால் இரண்டு மாவையும் உப்பையும் உலர்வாகக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். பயற்றை ஊறமட்டும் விட்டு, விடிய எழும்பியதும் முதல் வேலையாக அடுப்பில் ஏற்றுங்கள்.
5. காலையில் தேங்காய்ப்பூவையும் பயற்றையும் மாவோடு கலந்து நீத்துப்பெட்டியிலோ குழலிலோ இடுங்கள். அழுத்தி நிரப்பினால் ஆவி ஏறாது, நடுவில் மா வெள்ளையாக நிற்கும். ஆவி மேலே வந்த பின் 8 முதல் 10 நிமிடம்.

குரக்கன் மாவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போட வேண்டாம். முழுக்கக் குரக்கனென்றால் ஆறியவுடன் இறுகி, பிள்ளைகள் தள்ளிவைக்கும். அந்த ஒரு பங்கே கல்சியத்துக்கு நல்லது: 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, அரிசியில் இருப்பதைவிடப் பல மடங்கு.

புட்டு அவியும்போது கீழ்ப் பானையின் கொதிக்கும் தண்ணீருக்குள் கழுவிய முட்டைகளைப் போட்டுவிடலாம். புட்டு இறங்கும் நேரத்தில் முட்டையும் அவிந்திருக்கும். மேலே ஆவி, கீழே கொதி, இரண்டுக்கும் ஒரே நெருப்பு.

சொதி ஏன் திரைகிறது

அவசரத்தில் அதிகம் பிழைக்கும் கறி சொதிதான். தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் மிதக்கும் எண்ணெய்த் துளிகள். அந்தத் துளிகளை ஒன்றோடொன்று சேரவிடாமல் பிடித்து வைத்திருப்பது தேங்காயின் புரதம். கடுங்கொதியில் புரதம் கட்டிபட்டுப் பிடி விடுகிறது, எண்ணெய் பிரிகிறது. சூட்டோடு புளிப்பும் சேர்ந்தால் இன்னும் விரைவாகத் திரையும்.

எனவே வெங்காயம், பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள் எல்லாவற்றையும் ஒரு கப் தண்ணீரில் அவித்துக்கொள்ளுங்கள். பிரிஜ் இருந்தால் இது வரைக்கும் இரவிலேயே முடிக்கலாம். காலையில் அது கொதித்ததும் ஒரு பிடி முருங்கையிலை போட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு அடுப்பைக் குறைத்து ஒரு கப் முதற்பால் விட்டுத் துழாவுங்கள். ஓரத்தில் நுரை எழும்பும்போதே இறக்கிவிடுங்கள். தேசிக்காய்ப்புளி இறக்கிய பிறகுதான். பாதியாகப் பிளந்த முட்டைகளையும் அப்போது போடலாம். சூடை, நெத்தலி போன்ற சின்ன மீன் கிடைத்தால் பால் விட முன் அவிய விடுங்கள். நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் சேரும்.

கௌபி, கஞ்சி, தயிர்

அவித்த கௌபிக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. நாலு பேருக்கு 250 கிராம், ஊறவைத்து பிரஷர் குக்கரில் மூன்று விசில். சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய், கடுகு தாளித்துப் பிரட்டி, மேலே தேங்காய்ப்பூ. காலையில் நாலு நிமிட வேலை, ஆளுக்கு 15 கிராம் புரதம்.

இலைக்கஞ்சிக்கு ஊறிய சிவப்புப் பச்சையரிசி அரைக் கப், பயறு கால் கப், தண்ணீர் ஐந்து கப். குக்கரில் 15 நிமிடம். வல்லாரையோ முருங்கையிலையோ இரண்டு பிடி அரைத்து வடித்த சாற்றைக் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் விடுங்கள். முதலிலேயே விட்டால் பச்சை நிறம் போய்க் கசப்பு ஏறும், விட்டமின் சீயும் சூட்டில் அழியும். பயறு இல்லாத இலைக்கஞ்சி இலேசாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரத்தில் பிள்ளைக்குப் பசிக்கும்.

அடுப்பே மூட்ட முடியாத நாளில், மாரியில் மின்சாரம் போன காலையில், கந்தளாய்ப் பக்கத்து எருமைத் தயிர் கைகொடுக்கும். ஒரு கப் தயிர், நனைத்த அவல் ஒரு பிடி, வாழைப்பழம் ஒன்று, வறுத்த கச்சான் ஒரு மேசைக்கரண்டி. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுக் கச்சான் கொடுக்க வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும். இடித்துத் தூவுங்கள்.

பெட்டியில் வரும் தானியப் பொரியை வாங்குவதென்றால் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். சேர்மானங்கள் எடை கூடியதிலிருந்து குறைந்ததுக்கு வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். சீனி இரண்டாவதாக இருந்தால் அது இனிப்புப் பண்டம்தான். குளிர்பானங்களுக்கு 2016 முதல் இலங்கையில் நிறக்குறி இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. சிவப்புக் குறி போட்ட போத்தல் காலையில் எந்தப் பிள்ளையின் பையிலும் இருக்கக் கூடாது.

தேத்தண்ணி எப்போது

பயற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து மீனிலும் இறைச்சியிலும் உள்ளதைப் போல இலகுவாக உடம்பில் சேராது. சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணியின் துவர்ப்புப் பொருட்கள் அதைக் குடலிலேயே பிடித்துக் கட்டிவிடுகின்றன. பாதிக்கு மேல் வீணாகலாம். பால் விட்டாலும் இந்தக் குறை தீராது. வளர்ந்துவரும் பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாயால் இரும்பு இழப்பு இருப்பதால் அவர்களின் தட்டுப் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையை வைப்பது உண்மையாகவே கவலைக்குரிய பழக்கம். ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். பாடசாலையில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே விதி.

விட்டமின் சீ இதற்கு நேர் எதிர், இரும்பைச் சேர்த்துவிடும். கௌபி மேல் அரைத் தேசிக்காய் பிழிவது, வல்லாரைச் சம்பலுக்குப் புளி விடுவது, சாப்பிட்டு முடித்ததும் பாதிக் கொய்யாப்பழம் கொடுப்பது, எல்லாமே பலன் தரும். கொய்யாவில் தோடம்பழத்தைவிட மூன்று நாலு மடங்கு விட்டமின் சீ உண்டு.

"பசிக்கேல்ல அம்மா"

இப்படிச் சொல்லும் பிள்ளை பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

1. இரவுச் சாப்பாடு 9.30 தாண்டியிருக்கும். ரியூசன் விட்டு வரும் பிள்ளைகளுக்கு இதுதான் நடக்கிறது. ரியூசனுக்குப் போக முன்னமே பாதிச் சாப்பாட்டைக் கொடுத்து, வந்த பிறகு இலேசாகக் கொடுத்தால் காலைப் பசி திரும்பும்.
2. எழும்பின கையோடு சாப்பிடச் சொல்வது. எழும்பி 20, 25 நிமிடம் போனால்தான் வயிறு கேட்கும். சாப்பாட்டைக் குளிப்புக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வையுங்கள்.
3. எழும்பியவுடன் பெரிய கோப்பையில் சீனி போட்ட பால்மா. அதுவே வயிற்றை அடைத்துவிடும். பால் நல்லதுதான், சாப்பாட்டுக்குப் பிறகு, அரைக் கோப்பை.

இத்தனைக்குப் பிறகும் சாப்பிடாத பிள்ளையை வற்புறுத்தி ஊட்டினால் பஸ்ஸில் வாந்தி எடுக்கும். ஒரு முட்டையும் ஒரு வாழைப்பழமும் வீட்டில், மீதி இடைவேளைப் பெட்டியில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இடைவேளைப் பெட்டி

காலை 6 மணிக்குக் கட்டிய சாப்பாடு 10.30க்குத் திறக்கப்படுகிறது. பை வெயிலில் கிடக்கலாம். ஆகவே ஈரமும் தேங்காயும் கூடியவை இந்தப் பெட்டிக்குச் சரிவராது. பச்சைத் தேங்காய்ச் சம்பல் இரண்டு மூன்று மணி நேரத்தில் மாறிவிடும். பெட்டிக்கென்றால் வெங்காயமும் செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் வெறும் சட்டியில் ஈரம் போக வறுத்து இடித்த சம்பல் பொருத்தம். சொதியில் நனைத்த இடியப்பம் வேண்டாம். தேங்காய்ப்பூ போடாமல் தாளித்த கௌபி, வறுத்த கடலை, முழுதாக உரிக்காத வாழைப்பழம் நல்லவை. அவித்த முட்டையைக் கோதோடு வையுங்கள். உரித்தால் ஈரமான வெள்ளைக்கருவில் கிருமி விரைவாக ஏறும்.

புட்டைக் கட்டுவதென்றால் தேங்காய்ப்பூவைப் பாதியாகக் குறைத்து, அவித்த சூடு முழுதும் ஆற, அகலத் தட்டில் பத்து நிமிடம் பரப்பிவிடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறத்தில் ஆவி வேர்த்து, தண்ணீர் புட்டுக்குள் சொட்டும். இடைவேளையில் வரும் புளிப்பு வாடைக்குப் பெரும்பாலும் இந்த ஈரமே காரணம்.